கல்லும் நாயும்

(செயின்ட் லூயிஸ் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நம் அழைப்பை மதித்துக் குடும்பத்தோடு வந்திருக்கும் கவுண்டி மன்ற உறுப்பினர் அவர்களே, நம் வீட்டு நாய் பூனைகளுக்கு இருபது ஆண்டாக வைத்தியம் பார்த்துவரும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, விடிவதற்கு முன்பே வந்து அடுப்படியில் நிற்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். எனக்குப் போட்ட பொன்னாடையை அந்த அடுப்படிக்கே உரியதாக நினைத்துக்கொள்கிறேன்.

மாட்டுப் பொங்கல் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாட்டுக்கு நன்றி சொல்லும் நாளில் நாயைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். தலைவர் பெரிய மனதோடு சரி என்றார். மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன்: நாய் ஏலம் பற்றிய சட்டம், ஏலத்தை எதிர்ப்பவர்கள் மேல் கிராமத்துக்காரர்களுக்கு இருக்கும் கோபம், கடைகளில் நாய்க்குட்டி விற்பதற்குக் கலிபோர்னியா போட்ட தடை.

என் தாத்தா வாயில் எப்போதும் இருந்த பழமொழி ஒன்று: கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். எறிவதற்குக் கல் தேடுகிற கதை என்று பலர் நினைக்கிறார்கள். தாத்தா சொன்ன பொருள் வேறு. சிற்பி செதுக்கிய கல் நாய் அது. கல் என்று பார்த்தால் நாய் மறைந்துவிடும், நாய் என்று பார்த்தால் கல் மறைந்துவிடும். இந்த மிசூரி மாநிலத்தில் ஆடு மாடு போல நாயையும் ஏலம் விடுகிறார்கள் என்று முதன்முதலில் கேட்டபோது எனக்கு அந்தப் பழமொழிதான் ஞாபகம் வந்தது.

சட்டத்தை முதலில் சொல்கிறேன். 1966இல் வந்த விலங்கு நலச் சட்டத்தின் கீழ் நாய் வளர்த்து விற்பவர்களுக்கு அமெரிக்க விவசாயத் துறை உரிமம் கொடுக்கிறது. ஏலக்காரரும் உரிமம் வாங்க வேண்டும். கூண்டுக்கு ஒரு கணக்கு உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, ஆறு அங்குலம் கூட்டி, அந்த அளவில் ஒரு சதுரம். இரண்டடி நாய்க்கு இரண்டரை அடி சதுரம், தலைக்கு மேல் ஆறு அங்குலம். மிசூரியில் 2010 நவம்பரில் 'பி' தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்து, நூற்றுக்கு ஏறக்குறைய 52 பேர் ஆதரித்து நிறைவேறியது. ஒருவர் ஐம்பது நாய்களுக்கு மேல் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கக் கூடாது என்றது அது. ஆறு மாதம் ஆவதற்குள் சட்டமன்றம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. கூண்டு பெரிதாக வேண்டும், கம்பித் தரை போக வேண்டும் என்பவை படிப்படியாக வந்தன. ஆனால் ஐம்பது என்ற எண் போனது போனதுதான். ஏன் போனது என்பது எனக்கு ஓர் ஏலக் கொட்டகையில்தான் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, நாய் மீட்புக் குழுவில் இருக்கும் தோழி ஒருவரோடு மாநிலத்தின் தென்மேற்கு மூலைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் காரில் போனேன். தகரக் கொட்டகை. வாசலிலேயே படம் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே மடக்கு நாற்காலிகள், கையில் பட்டியல். பட்டியலில் இனம், பிறந்த தேதி, சினையா இல்லையா. நம் ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று நிறுத்திக் கூவுவார்கள். இங்கே மூச்சு விடாமல் ஓடுகிறது வாய். ஒவ்வொரு நாயாகத் தூக்கி மேசைமேல் நிறுத்துகிறார்கள்.

ஆறு வயதுப் பெட்டை நாய் ஒன்று வந்தது, பீகிள் இனம். கழுத்தில் எண் அட்டை. கால்விரல்கள் அகன்று விரிந்திருந்தன. கம்பித் தரையிலேயே நின்று நின்று அப்படி ஆகிவிட்டதாம். அது குரைக்கவில்லை, நடுங்கவும் இல்லை. மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றது.

என் பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர். தானாகவே பேச்சுக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் பன்றி வளர்த்தார்களாம். 1998இல் பன்றி விலை தரையைத் தொட்டபோது கொட்டகையைக் காலி செய்து நாய்க்கு மாற்றினார்களாம். "எங்கள் கரண்ட் பில்லை நாய்தான் கட்டியது. நகரத்துக்காரர்கள் ஓட்டுப் போட்டு இதை நிறுத்தச் சொல்கிறார்கள். இன்றைக்கு நாய், நாளைக்குப் பன்றி, அப்புறம் மாடு. எங்களிடம் யார் வந்து கேட்டார்கள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதற்குள் தோழி கையைத் தூக்கிவிட்டார். இருநூறு டாலர். எதிர் வரிசையில் ஒரு பெண் முந்நூறு. தோழி நானூறு. அந்தப் பெண் ஐந்நூறு. பெரியவர் என் காதருகே குனிந்தார். "அந்த அம்மாவும் மீட்புக் குழுதான். உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா?" என்றார். எண்ணூற்று ஐம்பதுக்குத் தோழிக்கு விழுந்தது. பெரியவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அது அவருடைய நாய். "இந்தப் பணத்தில் இளசாக இரண்டு வாங்கிவிடுவேன், நன்றி" என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனார்.

நாயைக் கண்டால் கல்லைக் காணோம். பீகிளின் கண்ணைப் பார்த்தோம், பணம் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. 2018இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதைத் தோண்டி எடுத்தது. மீட்புக் குழுக்கள் 2009 முதல் ஏலங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை வாங்க 26 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருக்கின்றன. பெரும்பாலும் நன்கொடைப் பணம்.

அந்த பீகிள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. புல்லில் முதன்முதலில் இறக்கிவிட்டபோது ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி வெகுநேரம் நின்றது, பிறகு அந்தக் காலை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கியது. ஐந்து வருடம் எங்களோடு இருந்தது. அது வந்ததற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. ஆனால் இன்னொரு ஏலத்தில் கை தூக்க மாட்டேன். தோழியும் நிறுத்திவிட்டார்.

பிரசாரம் செய்பவர்களிடமும் இதையே சொல்கிறேன். அந்தப் பெரியவரைக் கொடியவர் என்று துண்டுச்சீட்டில் அச்சடிப்பதால் ஒரு கூண்டும் திறக்காது, ஊர் இன்னும் இறுகும். அவரிடம் குட்டி வாங்குவது யார்? தரகர். தரகரிடம் வாங்குவது கடையும் இணையதளமும். அங்கே வாங்குவது, பிறந்தநாள் பரிசாகக் குட்டி கேட்கும் பிள்ளையின் அப்பா அம்மா. அவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். குட்டியின் படத்தைப் பார்க்கும்போது, அதன் தாய் எந்தத் தரையில் நிற்கிறது என்று கேளுங்கள். நேரில் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

கலிபோர்னியாவைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. செயலாளர் பந்தியைக் காட்டுகிறார், இலை போட்டாயிற்று.

என் கணவர் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு படிவம் இருக்கிறது. ஒன்று, காப்பகத்து நாயைத் தத்தெடுக்க. இன்னொன்று, இரண்டு வாரம் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள; சாப்பாடும் மருந்தும் காப்பகமே கொடுக்கும். டாக்டரம்மா முதல் பரிசோதனைக்குப் பணம் வாங்க மாட்டேன் என்று இப்போதுதான் என்னிடம் சொன்னார், அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, சட்டைப் பையில் பேனா இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.