வலிக்கிறது என்று சொன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, அப்புறம் எப்படி வலிக்கும்?" வலியில் துடிப்பவரிடம் வீட்டிலும் இப்படிக் கேட்கிறார்கள், மருத்துவமனையிலும் கேட்கிறார்கள். ஒரு மருத்துவராக என்னை மிகவும் வருத்தும் கேள்வி இது. ஸ்கேனில் காயம் தெரியலாம், வலி தெரியாது.

அடிபட்ட இடத்தைச் சட்டென்று தேய்த்துவிடுகிறோம், வலி கொஞ்சம் அடங்குகிறது. ஏன்? ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரியான ஏற்பாடு இருக்கிறது. தேய்க்கும்போது எழும் தொடு உணர்வு அதைப் பாதி சாத்திவிடுகிறது. பயமும் தூக்கமின்மையும் அதை அகலத் திறந்துவிடும். நுணுக்கங்கள் பிற்பாடு திருத்தப்பட்டாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது. அதனால்தான் ஒரே அளவு காயம் இருவருக்கு ஒரே அளவு வலிப்பதில்லை. காலை இழந்தவருக்கு இல்லாத அந்தக் காலே வலிப்பதும் உண்டு. அதுவும் நிஜமான வலிதான்.

சரி, வலியை எப்படி அளப்பது? 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி என்று வைத்து, 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்கிறோம். ஒருவர் சொல்லும் 7-ஐ அடுத்த கட்டில்காரரின் 7-ஓடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவரே நேற்று என்ன சொன்னார் என்று பாருங்கள். அசையும்போதும் கேளுங்கள். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் படுத்திருக்கையில் "2" என்பார். இருமச் சொன்னால் தையல் மேல் கையை அழுத்திக்கொண்டு, பாதி இருமலிலேயே நிறுத்திவிடுவார். அங்கே வலி 8. இரும முடியாவிட்டால் சளி தேங்கி நிமோனியா வரைக்கும் போகலாம்.

வலி எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். எரிகிறது, ஷாக் அடிக்கிறது, துணி பட்டாலே தாங்கவில்லை என்றால், நரம்பே பாதிக்கப்பட்டிருக்கலாம். சாதாரண வலி மாத்திரை அதற்குப் பெரும்பாலும் போதாது, வேறு மருந்து வேண்டும்.

மறதி நோய் முற்றியவர்களால் சொல்ல முடியாது. முகச்சுளிப்பு, முனகல், குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிடுவது, இவைதான் அவர்கள் பேச்சு. "பிடிவாதம்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அதிகம் விட்டுப்போவது ஒன்று உண்டு. மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று திரும்பப் போய்க் கேட்பது. குறையவில்லை என்று அவர் சொன்னால் நம்புங்கள், சிகிச்சையை மாற்றுங்கள்.