தானமாக வந்த மாடும் ஜன்னலில் தொங்கிய மஞ்சப்பையும்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், இந்தப் பனியிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் கோத்தகிரிப் பெருமக்களுக்கும் வணக்கம். நடுவரின் கை ஏற்கெனவே மணியின் மேல் இருப்பதால் வணக்கத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கணினியிலும் கைபேசியிலும் நமக்கு நிம்மதி தருவது பழகியதை விடாதிருப்பதா, மாறிப் பார்ப்பதா என்பது தலைப்பு. மாறிப் பார்ப்பதே என்று பேச வந்திருக்கிறேன். பேருந்து நிலையத்திற்கு அருகில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். நீங்கள் மாறினாலும் எனக்கு வேலை உண்டு, மாறாவிட்டால் இன்னும் அதிகமாக உண்டு. ஆகவே என் பேச்சில் சுயநலம் தேடாதீர்கள்.

எதிரணித் தலைவர், நம் எல்லோருடைய மதிப்பிற்கும் உரிய ஆசிரியர், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளாக விண்டோஸுக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் பற்றிச் சற்று முன் ஒரு போடு போட்டார். "லினக்ஸ் என்பது தானமாக வந்த மாடு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியோர் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள்? பார்த்தால் பல்லே இருக்காது!" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், ஏனென்றால் நகைச்சுவை நன்றாக இருந்தது. ஆனால் ஐயா, உலகத்தில் தானமாகக் கொடுத்துவிட்டு, "தயவுசெய்து பல்லைப் பிடித்துப் பாருங்கள்" என்று வாயைத் திறந்து காட்டும் ஒரே மாடு அதுதான்.

1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்கு என்றும், பெரிதாக ஒன்றும் வராது என்றும் இணையத்தில் அறிவித்தார். அதுதான் லினக்ஸ். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1983-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனு திட்டத்தைத் தொடங்கி, மென்பொருளைப் பயன்படுத்துகிறவனுக்கு அதைத் திறந்து பார்க்கவும், திருத்தவும், அடுத்தவனுக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த உரிமையோடு மாட்டை ஊர் நடுவில் கட்டினார்கள். வந்தவர்கள் பல்லை எண்ணினார்கள். ஒரு பல் குறைந்திருந்தால் அந்தப் பல்லை அவர்களே செய்து பொருத்திவிட்டுப் போனார்கள். 2017 நவம்பர் முதல் உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ள ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பல்லில்லாத மாடு இவ்வளவு வைக்கோலை மெல்லுமா, நடுவர் அவர்களே?

சரி, ஆசிரியர் காசு கொடுத்து வாங்கிய மாட்டைப் பார்ப்போம். அதற்கு வாய்க்கூடு மாட்டியிருக்கிறது. அவிழ்த்துப் பார்க்க அனுமதி இல்லை. விண்டோஸை நிறுவும்போது நீளமாக ஓர் ஒப்பந்தம் வருமே, அதை இந்த அரங்கில் படித்தவர்கள் கையை உயர்த்துங்கள். ஒரு கையும் இல்லை. ஆசிரியரின் கையும் இல்லை. மாணவர்களை வரி விடாமல் படிக்கச் சொல்கிறவர் அவர். இந்த மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. அதாவது, ஐயா வாங்கியது மாட்டை அல்ல. பால் கறந்துகொள்ளும் அனுமதிச் சீட்டை. மாடு இன்னும் பழைய சொந்தக்காரருடையதுதான், தீவனத்தை எப்போது நிறுத்துவது என்பதும் அவர் முடிவுதான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு அப்படித்தான் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற தீவனம் நின்றது. கேட்டுக்கொண்டவர்களுக்கு ஓராண்டு கூடுதலாகப் புல் போட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆசிரியர் எழுந்து சொல்வார்.

அந்த மாதம் பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜென்ட் ஒருவர் தன் கணினியைப் பழைய துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் என் கடைக்குத் தூக்கிவந்தார். "நல்லாத்தானே ஓடுது, இதுக்கு என்ன நோய்?" என்றார். நோய் எதுவும் இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். நல்ல உடம்போடு இருக்கிறவரைக் கட்டாய ஓய்வில் அனுப்புவதுபோல அதை அனுப்பச் சொன்னார்கள். நான் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். விவசாயியின் பெயர், கிலோ, ஈரக் கழிவு, விலை, முன்பணம் என்று அவருடைய ஐந்து கட்டங்களும் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் அப்படியே திறந்தன. முதல் நாள் பத்து முறை ஃபோன் செய்தார். இரண்டாம் நாள் ஆறு முறை. மூன்றாம் நாள் இரண்டு முறை. நான்காம் நாள் ஒரு முறைகூட வரவில்லை. எனக்குப் பயம் வந்து நானே கூப்பிட்டேன். "எடை போட்டுட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

டாலியில் கணக்கு எழுதுகிற வணிகர்கள் அதற்காக விண்டோஸை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது லினக்ஸுக்கென்று வருவதில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் பழகியதை விடாதிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை இன்று திறந்து பாருங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அம்மாவின் தலையில் இருந்த புள்ளி அரைப்புள்ளியாகி, மணமகனும் மணமகளும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடப்பார்கள். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-இல் தமிழ்நாடு அரசே, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது. மாறியவர்களின் கோப்பு இன்றும் தமிழாகத் திறக்கிறது.

மாட்டை விடுவதற்கு முன் ஒன்று. ஆசிரியர் தன் நகைச்சுவைகளையெல்லாம் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார். அது ஆண்ட்ராய்டு கைபேசி. ஆண்ட்ராய்டின் உள்ளே ஓடுவது லினக்ஸின் கருனி, அதாவது அதன் மையப் பகுதி. ஐயா, பல்லில்லாத மாடு என்றீர்களே, அதன் பாலைக் குடித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்!

அடுத்து எதிரணிச் சகோதரி பேசினார். கைபேசி நிறுவனத்தை மாற்றுவது வீடு மாறுவது போன்றது, பால்காரருக்கும் தபால்காரருக்கும் சொந்தபந்தத்துக்கும் சொல்லி முடிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும் என்றார். சகோதரிக்கு நான் வாதத்தால் பதில் சொல்லப் போவதில்லை. என் தாயாரால் பதில் சொல்லப் போகிறேன்.

நான் வளர்ந்தது கோடநாடு போகும் வழியில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். கைபேசி வந்த புதிதில் எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று: எதிர்மலைக் கைபேசிக் கோபுரத்தைப் பார்த்த ஜன்னலின் இடது பக்கத்திலிருந்து மூன்றாவது கம்பி. இரண்டாவது கம்பியில் கிடைக்காது. நான்காவது கம்பியில் வந்து வந்து போகும். தலைக்கு மேல் தகரக் கூரை, முதுகுக்குப் பின்னால் மலை, அலை வேறு எந்த வழியாக வரும்? என் தாயார் ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றில் கைபேசியைப் போட்டு, அந்த மூன்றாவது கம்பியில் தொங்கவிட்டுவிட்டார். அழைப்பு வந்தால் பைக்குள் கையை விட்டு ஒலிபெருக்கியை அழுத்தி, பையைப் பார்த்துப் பேசுவார். பையிடம் நலம் விசாரிப்பார். பையைத் திட்டுவார். புதிதாக வந்த தபால்காரர், அம்மா ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு "வர்றேன் சாமி" என்று சொல்வதைக் கண்டு, இந்த வீட்டில் பைக்கு ஏதோ பூசை நடக்கிறது என்று லைன் முழுவதும் சொல்லிவிட்டார்.

2008-இல் என் தங்கையின் திருமணப் பேச்சு அந்தப் பையின் வழியாகத்தான் நடந்தது. கூடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அழைத்தார்கள். மழை, அதனால் அம்மா கத்திப் பேசினார். "ஏழு பவுன் போடுறோம்" என்றார். அந்தப் பக்கம் மௌனம். அப்போது மூன்று வீடு தள்ளி, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, எங்களுக்கு எந்த உறவும் இல்லாதவர், உரத்த குரலில், "ஏழு போதும்டி! எட்டு கேட்டா வேற எடம் பாக்கலாம்னு சொல்லு!" என்றார். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டதா? இன்னொரு முறை சொல்கிறேன். எங்களுக்கு உறவே இல்லாத பாட்டி, மூன்று வீடு தள்ளி, கையில் வெற்றிலை உரல்: "எட்டு கேட்டா வேற எடம் பாக்கலாம்னு சொல்லு!" அது பெண்ணின் அப்பத்தா என்று நினைத்த மாப்பிள்ளை வீட்டார், "பெரியவங்க சொன்னா சரிதான்" என்று ஏழுக்கே ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் காலை இலை எடை போடும் இடத்தில் கங்காணி என் அம்மாவைப் பார்த்து, "ஏழுலயே முடிச்சிட்டீங்களாமே" என்றார். திருமணத்தன்று அந்தப் பாட்டியை அப்பத்தாவாகவே முன்வரிசையில் உட்கார வைத்தோம், வேறு வழி? இன்றைக்கும் என் மைத்துனர் அந்த வீட்டுக்குப் போய்த்தான் முதலில் கும்பிடுகிறார்.

இவ்வளவு தொல்லை இருந்தும் அம்மா நிறுவனத்தை மாற்றச் சம்மதிக்கவில்லை. காரணம் பிடிவாதம் அல்ல. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் போட்ட ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அம்மா சிறுமியாக இங்கே வந்தார். அவருடைய அக்கா, என் பெரியம்மா, இலங்கையில் அட்டனிலேயே தங்கிவிட்டார். கடிதங்கள் குறைந்துபோன பிறகு அவர்களுக்கு நடுவே இருந்தது இந்தப் பத்து இலக்க எண் மட்டும்தான். பெரியம்மா அதைத் தன் சமையலறைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். மாதம் ஒரு முறை கம்யூனிகேஷன் கடைக்கு நடந்துபோய் அழைப்பார். "நம்பர் போனா அக்கா போன மாதிரி" என்பார் அம்மா.

2011 ஜனவரி 20 அன்று எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி, திரும்பி வரும் எட்டு எழுத்துக் குறியீடு, அன்றைக்கு 19 ரூபாய் கட்டணம், ஏழு வேலை நாள். நம்பர் மாறாது என்று நான் மூன்று முறை சத்தியம் செய்த பிறகு அம்மா ஒப்புக்கொண்டார். பழைய சேவை நின்று புதியது வருவதற்கு இடைப்பட்ட சில மணி நேரமும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், பைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதிய நிறுவனத்தின் அலை 900 மெகாஹெர்ட்ஸ், பழையது 1800. குறைந்த அலைவரிசை தூரம் போகும், மலை முகட்டையும் ஓரளவு வளைந்து தாண்டும். சிக்னல் அடுப்பங்கரை வரை வந்தது. அடுத்த மாதம் அட்டனிலிருந்து அழைப்பும் வந்தது. சகோதரி அவர்களே, பெரியம்மா சுவரில் ஓர் எண்ணைக்கூட அழித்து எழுதவில்லை.

ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அம்மா கைபேசியைப் பையில் போட்டு அதே மூன்றாவது கம்பியில்தான் தொங்கவிட்டார். இது எதிரணிக்குச் சாதகமான சான்று என்பது எனக்குத் தெரிகிறது. எடுத்துக்கொள்ளுங்கள். நான் வாதத்தை இதோடு விட்டுவிடுகிறேன்.

ஒரு கார்த்திகை மாதம். மேட்டுப்பாளையத்திற்குக் கடைச் சாமான் வாங்கப் போயிருந்தேன். மாலையில் மழை பிடித்தது. மண் சரிந்து கோத்தகிரிச் சாலையை மூடிவிட்டார்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவு நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனதை நம்மில் யார் மறந்தோம்? பேருந்து நிலையத்தில் ஒரு தூணோரம் நின்று இரவு முழுவதும் அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு சொன்னது. எல்லைக்கு வெளியே என்றால் எங்கே அம்மா, என்று அந்தக் குரலிடமே ஒரு முறை கேட்டுவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு மறுமுனையில் அழைப்பு மணி அடித்தது. அது நிறுவனம் மாறியதால் கிடைத்த பயனா, கோபுரத்து ஜெனரேட்டரில் டீசல் மிச்சம் இருந்ததால் கிடைத்த பயனா என்று ஆசிரியர் கேட்கலாம். கேட்கட்டும்.

அம்மா எடுத்தார். சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்திவிட்டு, முதல் முறையாகப் பையைக் கம்பியிலிருந்து கழற்றி, அடுப்புப் பக்கம் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தாராம். லைன் வீடுகள் நிற்கின்றன, பாட்டியும் இங்கேதான் படுத்திருக்கிறார் என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. என் பக்கத்து மழைச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"நீ எந்த ஜன்னல்ல நின்னு பேசுற தம்பி? நனையாத, உள்ள போ" என்றார்.

நன்றி, வணக்கம்.