கம்பி சரியாக இருந்தால்தான் கை பேசும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், நம் புதுச்சேரியின் முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டையிலிருந்தும் பாகூர் தாண்டிக் கடலூரிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர், பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

‘இணையத்தில் கன்சோல் ஆடுபவருக்குப் பரவசம் தருவது கைத்திறனா, இணைப்பா?’ இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. கன்சோல் என்பது டிவியில் மாட்டி ஆடும் ஆட்டப் பெட்டி. இணைப்புதான் என்பது எங்கள் அணி. எதிரணித் தம்பி எழுந்ததும் ஒரே போடாகப் போட்டார்: “நூறு எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு நூறு மெகாபிட் வேக இணைப்பு வாங்கிவிட்டால் தானாகக் கோல் விழுமா?” விழாது ஐயா. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆட்டத்துக்கு அந்த நூறு தேவையே இல்லை என்பதிலிருந்துதான் எங்கள் வாதம் தொடங்குகிறது.

ஆட்டம் ஓடும்போது கன்சோலுக்கும், ஆட்டத்தை நடத்தும் தொலைவுக் கணினியான சர்வருக்கும் இடையே போய்வரும் தரவு பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கும் குறைவு. பெரிய வேகம் பயன்படுவது ஆட்டத்தை இறக்கும்போது. 100 ஜிபி ஆட்டம் 100 எம்பிபிஎஸ்ஸில் இறங்க எப்படியும் இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும். ஆடும்போது வேண்டியவை வேறு: பிங், அதாவது சேதி போய்த் திரும்பும் நேரம், குறைவாக இருக்க வேண்டும், ஏறி இறங்காமல் இருக்க வேண்டும், வழியில் பாக்கெட் எனும் தரவுத் துண்டுகள் தொலையக் கூடாது. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லி நொடி. பிங் 100 மில்லி நொடி என்றால், நீங்கள் பொத்தானை அழுத்திய சேதி சர்வருக்குப் போய்ப் பதில் வருவதற்குள் ஆறு ஃபிரேம் கடந்துவிடும். துப்பாக்கி ஆட்டத்தில் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு பட்டுச் சாகிறோமே, காரணம் இதுதான். சுட்டவருடைய திரையில் நீங்கள் இன்னும் வெளியில் நிற்கிறீர்கள். சர்வர் காலத்தைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்து, சுட்டது சரி என்று தீர்ப்புச் சொல்கிறது. இதில் கைத்திறன் எங்கே தோற்றது?

சண்டை ஆட்டங்களில் ரோல்பேக் இருக்கிறதே என்றார் எதிரணித் தங்கை. நல்ல கேள்வி. எதிராளியின் பொத்தான் வந்து சேரும் முன்பே, முந்தைய ஃபிரேமில் அழுத்தியதையே இப்போதும் அழுத்தியிருப்பார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்துவதுதான் ரோல்பேக். ஊகம் தப்பினால் சில ஃபிரேம் பின்னே போய்த் திருத்தும். தாமதம் ஒரே சீராக இருந்தால் இது அருமையாக வேலை செய்யும். பிங் 40-க்கும் 180-க்கும் துள்ளினால் எதிராளி இங்கே மறைந்து அங்கே முளைப்பார். கைத்திறனே போதும் என்றால் இப்படியொரு நுட்பத்தை ஏன் உருவாக்கினார்கள்?

வரலாறும் எங்கள் பக்கம்தான். சேகா ட்ரீம்காஸ்ட் கன்சோல், தொலைபேசி வழியே இணையம் தரும் மோடத்தை உள்ளேயே வைத்து வந்தது. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் இணையக் கம்பி செருகும் ஈதர்நெட் துளை இருந்தது. 2002 நவம்பர் 15 அன்று அதன் இணைய ஆட்டச் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியபோது, பிராட்பேண்ட் இல்லாதவருக்கு இடமில்லை என்றே வைத்தார்கள். கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடியவர்களின் கைத்திறன் அதற்கு முன்பும் இருந்ததுதான். ஊர் தாண்டி ஆடும் பரவசத்தைக் கொண்டுவந்தது இணைப்பு.

இனி நம் ஊர் வீட்டுக்குள் வருவோம். வைசியாள் வீதிப் பக்கம் பழைய வீடுகளைப் பாருங்கள்: குறுகலான முகப்பு, நீளமான உள்ளறைகள், நடுவில் முற்றம், செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பருத்த சுவர்கள். ஃபைபர்காரர், ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியைத் திண்ணையை ஒட்டிய அறையில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். கன்சோலோ கடைசி அறையில். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தச் சுவர்களில் இரண்டைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 தாண்டும்; ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான், தெருவே அதில்தான் நிற்கிறது. ஆகவே ஓஎன்டியிலிருந்து கன்சோல் வரை கேட்-6 வகை லேன் கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை கவலையில்லை. முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் வளைத்தால் ஒடியும். எட்டு இழையும் முனையின் பிளக்கில் சரியாகக் கிரிம்ப் ஆக வேண்டும். ஒன்று விட்டுப்போனால் 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகம் 100-க்கு இறங்கிவிடலாம், ஏனென்று தெரியாமல் தவிப்பீர்கள். முற்றத்தைக் கடக்கும் இடத்தில் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். கடற்காற்றின் உப்பு செம்பைச் சும்மா விடாது.

கம்பி இழுத்த பிறகும் லேக் அடிக்கிறதா, அதாவது ஆட்டம் தாமதிக்கிறதா? பெரும்பாலும் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். அக்கா கல்யாண வீடியோவை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருப்பார். ரவுட்டரின் அப்லோடு வரிசை நிரம்பிவிடும். ரேஷன் கடையில் முப்பது மூட்டைக்காரருக்குப் பின்னால் தீப்பெட்டி மட்டும் வாங்க வந்தவர் நிற்பதுபோல ஆட்டத்தின் சின்னஞ்சிறு பாக்கெட் நிற்கும். 30 பிங் 300 ஆகும். சோதிப்பது எளிது: லேப்டாப்பில் பிங் ஓடவிட்டு, கைப்பேசியில் ஒரு பெரிய வீடியோவை ஏற்றிப் பாருங்கள். எண் எகிறினால் ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் வசதி இருக்கிறதா என்று தேடி, அப்லோடு அளவை உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்கு மட்டுப்படுத்துங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், ஆடும் நேரத்தில் போட்டோ பேக்கப்பை நிறுத்திவையுங்கள். அக்காவிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நண்பன் பார்ட்டி எனும் அரட்டைக் குழுவில் இருக்கிறான், குரல் மட்டும் வரவில்லை. இந்தக் கொடுமைக்குப் பெயர் நேட்: வீட்டுக் கருவிகளெல்லாம் ஒரே இணைய முகவரியைப் பகிர ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம். பிளேஸ்டேஷனில் டைப் 3, எக்ஸ்பாக்ஸில் ஸ்ட்ரிக்ட் என்று காட்டும். ஓஎன்டியே பெரும்பாலும் ஒரு ரவுட்டர். அதன் பின்னால் நீங்கள் வாங்கிய இன்னொரு ரவுட்டர் சேர்ந்தால் இரட்டை நேட். உங்கள் ரவுட்டரின் வான் (WAN) எனும் வெளிப்பக்க முகவரி 192.168 என்று தொடங்கினால் அதுதான் நோய். ஓஎன்டியை, ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது உங்கள் ரவுட்டரை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட்டாக வையுங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நேட் நடப்பது இணைய நிறுவனத்தின் பக்கம். வீட்டில் எத்தனை போர்ட், அதாவது தரவு வாசல், திறந்தாலும் பலன் இராது. உங்களுக்கே உரிய மாறாத இணைய முகவரியான ஸ்டாட்டிக் பப்ளிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

மழைக்காலத்தைச் சொல்லாமல் இந்த ஊரில் இணைப்பைப் பேச முடியாது. 2011-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று கண்டவர்கள் நாம். புயல் வேண்டாம், ஒரு கண்சிமிட்டல் மின்வெட்டு போதும். கன்சோலை இன்வெர்ட்டரில் போட்டிருப்பார்கள். முன்னறை ஓஎன்டி வேறு லைனில் இருக்கும். அது அணைந்து மீண்டும் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் ஆட்டம் போய்விடும். ஓஎன்டிகள் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து அதற்கேற்ற மினி யூபிஎஸ் வாங்குங்கள். காற்றுக்குப் பிறகு இணைப்பு விட்டுவிட்டு வந்தால் ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒளி அளவைப் பாருங்கள். அது மைனஸ் 27 டிபிஎம்மை (ஒளி வலிமையின் அலகு) நெருங்கினால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கலாம் அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஆளை அழையுங்கள்.

எதிரணி கடைசியாகக் கேட்டது: “மோசமான இணைப்பிலும் திறமைசாலி ஜெயிக்கிறானே?” ஜெயிப்பான் ஐயா, சில நாள். ஆனால் ஜெயித்தது தன் கையா, எதிராளியின் லேக்கா என்று அவனுக்கே தெரியாது. தோற்றாலும் எதைத் திருத்துவது என்று தெரியாது. அப்படி ஆடுபவருக்குக் கை வளராது.

புதுச்சேரியில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்தை மகன், மாமா மகள் பாரிஸில் இருக்கிறார்கள்! இங்கே இரவு ஒன்பதரை என்றால் அங்கே கோடையில் மாலை ஆறு, குளிர்காலத்தில் ஐந்து. நேர்க்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வரக் குறைந்தது 80 மில்லி நொடி. கேபிள் கடலைச் சுற்றிப் போவதால் உண்மையில் அதைவிடக் கூடுதல். எந்தக் கைத்திறனும் அதைக் குறைக்காது. இதை அறிந்தவர் அவர்களோடு சண்டை ஆட்டத்தைத் தவிர்த்து, மைன்கிராஃப்ட் போலச் சேர்ந்து கட்டும் ஆட்டத்தையோ கூட்டாக ஆடும் ஆட்டத்தையோ எடுப்பார். தாமதம் அங்கே உறுத்தாது. சண்டை ஆட்டத்துக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்து நண்பனைக் கூப்பிடுவார். யாரோடு எதை ஆடினால் இனிக்கும் என்பதையே தூரமும் கம்பியும் தீர்மானிக்கின்றன என்று சொல்லி, தீர்ப்பைத் தங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.