மானிப்பாய் மாணவர்களைத் தேடி

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவ வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மாணவர்களுக்காகப் பேசும்படி நிலையத்தார் அழைத்தார்கள். பொதுவாக அறிவுரை சொல்வதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது என்று எனக்குப் பட்டது. யாழ்ப்பாணத்தில் உள்ள மானிப்பாய் அந்த ஊர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம். படித்தவர்கள் அரசாங்கச் சம்பளத்தை நாடி வெளியூர் போனார்கள். தமிழில் படித்தால் ஊரோடு இருப்பார்கள் என்று கணக்குப் போட்ட கிறீன், 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். அறுவை மருத்துவம் பற்றிய அவருடைய தமிழ் நூல் ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. உடற்கூறு பற்றிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல், வேதியியல் பற்றிய ‘கெமிஸ்தம்’ 1875இல்.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். ‘தமிழ் மருத்துவத்துக்குக் கிறீனின் பங்களிப்பு’ என்று தலைப்பு வைத்தால் எந்த நெறியாளரும் மறுக்கமாட்டார். எனக்கோ அத்தகைய தலைப்புகளைக் கண்டாலே அலுப்பு. முடிவை அட்டையிலேயே சொல்லிவிட்ட பிறகு உள்ளே முந்நூறு பக்கம் எதற்கு?

கிறீனின் கணக்கு பலித்ததா என்று கேளுங்கள். தமிழில் படித்தவர்கள் கிராமத்தில் தங்கினார்களா? தங்கியவர்கள் எதைக் கொண்டு பிழைத்தார்கள்? தலைமுறை தலைமுறையாக அங்கே வைத்தியம் பார்த்துவந்த பரியாரியார் இந்தப் புதிய வைத்தியரை எப்படி நடத்தினார்? கிறீனின் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் விடை சொல்ல முடியாது. அவர் சார்ந்த மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஹூட்டன் நூலகத்தில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்கே ஆளை மயக்கும். எழுதியவரோ பாஸ்டனில் இருந்த சங்கத் தலைமையகத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர். நன்கொடையாளர் மனம் குளிரும் செய்திதான் அவர் கடிதத்தில் முந்திக்கொள்ளும்.

மாணவர்களைத் தேடிப் போனால் பெயரே முதல் முட்டுக்கட்டை. மிஷன் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர்களின் பெயரைச் சூட்டுவது வழக்கம். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்லும் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஜே. ஆர். ஆர்னால்ட் என்றும் பெயர். கிறீனின் மாணவர்களில் ஒரு டான்போர்த் உண்டு. யாரோ வெள்ளைக்காரர் என்று அவரைத் தாண்டிப்போகிறவர், தாம் தேடிவந்த யாழ்ப்பாணத்துத் தமிழ் வைத்தியரையே தாண்டிப்போகிறார். திருமுழுக்குப் பதிவேடு, காணி உறுதி எனப்படும் நிலப் பத்திரம், திருமண ஏடு என்று பொறுமையாக ஒப்புநோக்கினால்தான் ஆள் பிடிபடுவார். ஓராண்டு போனாலும் போகட்டும். அந்த ஆண்டு வீணல்ல.

தமிழ்நாட்டுப் பக்கமும் நிலைமை இப்படித்தான். நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது. அதன் ஆங்கில முடிவுரைகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். வைத்தியர்கள் தமிழில் எழுதி அனுப்பிய சாட்சியங்களும் அந்த அறிக்கையோடு அச்சானவைதான். அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறவர்கள் குறைவு. வரலாற்றுத் துறை மாணவருக்குப் பழைய வைத்தியத் தமிழ் கரடுமுரடாக இருக்கிறது. சித்த மருத்துவம் படித்தவருக்கு அந்தத் தமிழ் பழக்கம். ஆனால் சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை. இருவரும் சேர்ந்து ஓர் ஆய்வேடு எழுத விதிகள் இடம் தருவதில்லை. சேர்ந்து படிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லையே! எம் துறை மாணவர்களை நான் சித்த மருத்துவ மாணவர்களிடம்தான் அனுப்புகிறேன். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். பிறகு அங்கிருந்து அழைத்துவருவதுதான் கடினம்.

தலைப்பு கிடைக்காமல் அலைகிற மாணவருக்கு ஒன்று சொல்கிறேன். கிறீன் 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரிடம் பயின்றவர்கள் ஆண்கள். ஊரில் பிள்ளைப்பேறு பார்த்தவர்களோ மருத்துவச்சிகள். அந்த நூலைப் படித்த இளைஞரை எந்த வீட்டில், எந்த நிலையில் உள்ளே அழைத்தார்கள்? வழக்கமான பேற்றுக்கா, மருத்துவச்சி கைவிட்ட பிறகா? மிஷன் மருத்துவமனையின் ஆண்டறிக்கைகளிலிருந்து தொடங்கலாம். மருத்துவச்சிகள் எழுதிவைக்கவில்லை; அவர்களுடைய பேத்திகளின் பேத்திகள் சிலர் இன்றும் அந்தக் கதைகளைச் சொல்லக்கூடும். ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள்.

நன்றி, வணக்கம்.