குரலா, சொந்தப் பாட்டா? சொந்தப் பாட்டே!

நடுவர் அவர்களே, கொடை பாக்க வந்து பந்தல்ல உக்காந்திருக்கிற பெரியவங்களே, வணக்கம். ‘பாடகரை நிலைநிறுத்துவது குரல் வளமா, அவரே எழுதும் பாட்டா?’ இதுதான் தலைப்பு. இப்ப பேசிட்டு உக்காந்த எதிரணி அண்ணாச்சி, “லண்டன் பாடகி அடேலைப் பாருங்க, குரல்தான் அவங்களுக்கு முதல்”னு சொன்னாரு. சரி, அந்தக் கணக்கையே எடுப்போம்.

அடேலோட ‘21’ங்கிற ஆல்பம் வந்தது 2011-ல. அதே வருஷம் அக்டோபர்ல குரல்நாண்ல ரத்தக்கசிவு, கச்சேரி எல்லாம் ரத்து. நவம்பர்ல பாஸ்டன்ல ஆபரேஷன். பெண் குரல்ல நாண் ரெண்டும் வினாடிக்குச் சுமார் 200 தடவை மோதுது. தொண்டை கட்டியிருக்கும்போது உச்சத்துல அழுத்திப் பாடினா, உள்ள இருக்கிற பொடி ரத்தக்குழாய் வெடிச்சிரவும் கூடும். அதுக்கு மொத மருந்து வாயை மூடிக்கிட்டு இருக்கதுதான். அண்ணாச்சி சொன்ன முதலே படுத்துட்டு!

“விக்கிற ரெக்கார்டுல இருக்கது குரல்தானே”ம்பாரு. அந்த ஆல்பத்துல 11 பாட்டு. 10 பாட்டுல அவங்க எழுத்து. 2012-ல ஆறு கிராமி விருது வாங்கினாங்க. அதுல ‘சாங் ஆஃப் த இயர்’ங்கிறது பாடினவங்களுக்கு உள்ளது இல்ல, எழுதினவங்களுக்கு உள்ளது. பால் எப்வொர்த்துங்கிற பாட்டாசிரியரும் அவங்களும் சேந்து எழுதி வாங்கினது.

தானே எழுதுதவங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மெட்டு எங்க நீளுதோ, அங்க ‘ஆ’, ‘ஏ’, ‘ஓ’ல முடியுற சொல்லா வச்சுக்கிடுவாங்க. வாய் திறக்கும், மூச்சு தாராளமா போகும். விவரம் தெரியாதவர் அந்த இடத்துல ‘வீடு’ன்னு வச்சுட்டா என்ன ஆகும்? குற்றியலுகரத்தை இழுத்துப் பாருங்க: ‘வீடூஊஊ’! ஊதுதாரா பாடுதாரான்னு தெரியாது. எம்புட்டு நல்ல குரலும் அங்க தோத்துப்போகும்.

துட்டு விஷயமும் பாப்போம். நம்ம நாட்டுச் சட்டத்துல பாடினவருக்கு உரிமை 50 வருஷம். எழுதினவருக்கு ஆயுசு பூரா, அதுக்கு மேல 60 வருஷம், பேரன் வரைக்கும்.

லண்டன் எதுக்கு, சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்துக்கு வாங்க. அண்ணாமலை ரெட்டியார் சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாரு. கழுகுமலை முருகன் மேல அவர் எழுதின காவடிச்சிந்தை இன்னைக்கும் பாடுதாங்க. அவர் தொண்டை கணீர்னு இருந்துதா, கரகரன்னு இருந்துதா? எதிரணி அண்ணாச்சி எந்திரிச்சுச் சொல்லட்டும்.