மட்டை பிடிக்காதவருக்கு வாய்தான் மட்டை

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கொழும்பில் பொரளைப் பக்கம் வந்திருக்கிறேன். கதைக்கப்போவது கிரிக்கெட் நிர்வாகிகளின் பேச்சையும் கவர்ச்சியையும் பற்றி. எனக்குப் பின்னால் தெரிவதுதான் சரவணமுத்து மைதானம், நம் வாயில் பி. சரா ஓவல். இடையிடையே பஸ் ஹோர்ன் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மைதானத்துக்கு இருப்பது சதம் அடித்த வீரரின் பெயர் இல்லை, ஒரு நிர்வாகியின் பெயர். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட்டை இங்கிலாந்தோடு ஆடியதும் இங்கேதான். நல்ல வீரர்கள் அதற்கு முன்பும் நம்மிடம் இருந்தார்கள். ஆனால் டெஸ்ட் ஆடும் உரிமையை, அதாவது டெஸ்ட் அந்தஸ்தை, உலகக் கிரிக்கெட்டை நடத்தும் ஐசிசியிடம் பல தடவை கேட்டும் தரவில்லை. 1981 ஜூலையில் கிரிக்கெட் சபைத் தலைவராக லண்டன் போனவர் காமினி திசாநாயக்க. சட்டத்தரணி, அமைச்சர், மேடை ஏறினால் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற ஆள். தயங்கிக்கொண்டிருந்தவர்களைக் கதைத்தே இணங்க வைத்தார்.

நானும் ஒரு சின்னக் கழகத்துக்குச் செயலாளராக இருந்தவன். கொள்ளுப்பிட்டியில் ஒரு முதலாளியிடம் அனுசரணை கேட்டுப் போனோம். கையில் 12 பக்க அறிக்கை. நான் குனிந்த தலை நிமிராமல் வாசிக்கிறேன். மூன்றாம் பக்கத்திலேயே அவர் மறித்தார்: "தம்பி, போன வருஷம் ஏன் தோற்றீர்கள்?" நான் அதற்குப் பக்கம் தேடுகிறேன்! பக்கத்தில் இருந்த பொருளாளர் அண்ணன் பிளேன்டிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "கடைசி ஓவரில் ஒரு கேட்சை விட்டோம் ஐயா. விட்ட பெடியன் இப்போது விடிய எழும்பி ஐம்பது கேட்ச் பிடிக்கிறான்." முதலாளி சிரித்துவிட்டார். ஜெர்சிக்குக் காசு வந்தது அந்தக் கேட்சால்தான், என் 12 பக்கத்தால் இல்லை.

கவர்ச்சி என்றால் கோட்டும் பளிச்சென்ற சிரிப்பும் என்று நினைக்கிறோம். எனக்கு அது, தோற்ற கதையை எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்கிற துணிவு.

2023 நவம்பர் 2 நினைவிருக்கிறதா? மும்பையில் இந்தியாவிடம் 55 ரன்னுக்குச் சுருண்டோம். நவம்பர் 6 இல் விளையாட்டுத்துறை அமைச்சர் நம் கிரிக்கெட் சபையைக் கலைத்தார், 10 இல் ஐசிசி நம்மை இடைநிறுத்தியது. வெறும் பேச்சு இதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், உள்ளே இருந்த சிக்கல் வேறு. ஆனால் அப்படியொரு தோல்விக்கு அடுத்த நாள் காலையில் ரசிகனுக்குத் தேவை ஒரு மனிதக் குரல், கடிதத் தலைப்பில் அச்சடித்த அறிக்கை இல்லை.

அப்புறம் ஒரு மனக்குறை. கொழும்பில் ஊடகச் சந்திப்பு என்றால் மூன்று மொழி நிருபர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எந்த அணி நிர்வாகியாக இருந்தாலும், பாடமாக்கியாவது இரண்டு வரி தமிழில் சொல்லிப் பாருங்கள். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, தமிழர் நிறைய இருக்கிற வெள்ளவத்தையில் அன்றிரவு அதுதான் கதை.

சரி, காவலாளி அண்ணன் கேட்டை மூடப்போகிறாராம், கை காட்டுகிறார். நான் கிளம்புகிறேன்.