தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கலாமா?

(சென்னிமலையில் நடந்த வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் முன்னாள் கைத்தறிச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, என்னைத் தகுதிக்கு மேல் பாராட்டி வரவேற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, வெள்ளாமை வேலையைப் போட்டுவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அண்ணன் அவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க. தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நம் வாசகசாலைக்கு ஓடு மாற்றிய அன்று காலை முதல் பொழுது சாயும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அவர் முன்னால் பேசுவது எனக்குப் பெருமை.

கடலோரக் குப்பம் நகரமான கதையைப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன். சென்னை பெசன்ட் நகர் உருவான விதம், மீனவர்களின் காற்றுக் கணக்கு, கடற்கரைச் சட்டம். சென்னிமலைக்காரனுக்குக் கடலோடு என்ன சோலி என்று கேட்பீர்கள். பக்கத்தில்தான் கொடுமணல் இருக்கிறது. நொய்யல் கரையில் பட்டை தீட்டிய கல்மணி கடல் தாண்டிப் போன ஊர் அது. நமக்குச் சோலி உண்டு.

மகள் வீட்டில் தங்கியிருந்தபோது விடிகாலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்து போனேன். மூழ்கியவரைக் காப்பாற்றப்போய் 1930ல் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டுக்கு அங்கே ஒரு வெள்ளை நினைவு வளைவு இருக்கிறது. அதைத் தாண்டி வடக்கே அடையாறு முகத்துவாரத்தைப் பார்க்க நடந்தால் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். கர்னல் ஆல்காட் 1882ல் பிரம்மஞான சபையை அடையாறுக்குக் கொண்டுவந்தவர். அவருக்கு அப்புறம் 1907ல் சபைத் தலைவரானவர் அன்னி பெசன்ட். ஒருவர் பேர் குப்பத்துக்கு, இன்னொருவர் பேர் நகருக்கு. 1970களில் வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து, தெரு போட்டு, அப்புறம் கோயிலும் கடையும் வந்து, இன்றைக்கு அந்த மனைகள் கோடிகளில் போகின்றன. மணலில் படகு ஏற்றியவர்கள் மட்டும் முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கப்பட்டு.

அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். மணலில் பச்சை நிறத்தில் ஏதோ விரித்திருந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் கால் வைத்துவிட்டேன். "சாரே, செருப்ப கயட்டு சாரே" என்று ஒரு குரல். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த ஊசியால் கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். நான் மிதித்தது அவருடைய வலை. "மன்னிச்சுக்குங்க" என்றேன். பேச்சை வைத்தே வெளியூர் என்று தெரிந்துகொண்டார். "எந்த ஊரு?" என்றார். ஈரோட்டுப் பக்கம் என்றேன். "அங்க கடல் இல்லியே, அதான் தெரியல" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. தெரியாமல் இல்லையே! செருப்புக் காலோடு களத்துக்குள் போய் எங்கள் அப்பாவிடம் அடி வாங்கியவன் நான். ராகி காயும் களம், சோளக்கதிர் அடிக்கும் களம், அது எங்களுக்குக் கோயில் வாசல் மாதிரி. அந்த மணல் அவருக்குக் களம். வலை காய்வதும் அங்கேதான், நெத்திலி காய்வதும் அங்கேதான், படகு ஏறுவதும் அங்கேதான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்த இடத்துக்குப் பட்டா இருக்குங்களா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "எங்க தாத்தா வலை காயவெச்ச எடம் சார் இது. அவரு பட்டா கேட்டாரா?" அப்புறம் வாடைக்காற்று வந்தால் எந்தப் பக்கம் வலை விடுவார்கள் என்று நெடுநேரம் சொன்னார். அந்தக் காற்றுக் கணக்கு ஒரு தனிக் கூட்டத்துக்கு ஆகும், இன்னொரு நாள் பேசுகிறேன். கிளம்பும்போது அவர் வீட்டம்மா நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவே இல்லை.

தாத்தாவுக்குக் கேட்கத் தேவைப்படவில்லை. பேரனுக்குத் தேவைப்படுகிறது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கலாமா? காங்கேயம் மாடு வளர்க்கிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கயிற்றை விட்டால் மாடு வயலைத் தாண்டிப் போய்விடும்.

எங்கள் ஊரில் களத்துமேடு எங்கே? மந்தை எங்கே? நான் சிறுவனாக இருந்தபோது நாற்பது வண்டி அவிழ்த்து விடுகிற இடம் இருந்தது. இன்றைக்கு அதில் பாதியில் கம்பிவேலி. யார் போட்டார்கள் என்று பேர் சொல்ல நான் வரவில்லை. போடும்போது நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கடற்கரைக்காவது உயர்அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் கட்டக் கட்டுப்பாடு என்று 1991ல் ஓர் அறிவிப்பு வந்தது. மீறல் இருந்தாலும் கையில் பிடித்துப் பேச ஒரு காகிதம் உண்டு. நம் களம் புறம்போக்குக்கும் ஒரு காகிதம் உண்டு, ஊர் நிலத்தையெல்லாம் சர்வே எண் வாரியாக எழுதி வைத்திருக்கும் ஏ பதிவேடு. அதை வைத்துக்கொண்டும் வாலைத்தான் பிடிக்கிறோம்.

ஆகவே, ஐயா, அம்மா, கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரின் ஏ பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். இணையத்திலேயே கிடைக்கிறது. களம், மந்தை, மேய்க்கால், வண்டிப்பாதை, குளம் என்று எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் நின்று பாருங்கள். பிறகு கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மான நோட்டில் எழுத்தாக ஏறும்வரை எழுந்து வரக்கூடாது. பேசிவிட்டு வந்தால் போதாது.

எங்கள் ஊர்ப் பதிவேட்டின் நகலை மாதிரிக்கு எடுத்து வந்திருக்கிறேன். படியோரம் மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே ஒரு நோட்டும் பேனாவும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரையும் களத்தின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். அந்தந்த ஊருக்கு நானே வந்து நிற்கிறேன். வணக்கம்.